சீக்கோ 5: கிழமைத் தட்டின் கிளிப் பறந்துவிட்டது, எங்கே தேடுவது?

புதுக்குடியிருப்பான்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கைமணிக்கூட்டைத் திருத்தத் தொடங்கி நடுவில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மணிக்கூடு சீக்கோ 5. போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த மாமா அப்பாவுக்குக் கொடுத்தது. பின்மூடியில் 7எஸ்26 என்று தொடங்கும் இலக்கம் இருக்கிறது. பற்றரி இல்லை, கை அசைய அசையத் தானாகவே சாவி ஏறும் வகை. நேரம் பிழையில்லை, திகதியும் மாறுகிறது. கிழமை மட்டும் வியாழனை விட்டு நகரவில்லை. அப்பா வயலுக்கும் இதைத்தான் கட்டுவார், கோயிலுக்கும் இதைத்தான் கட்டுவார். புதிது வாங்கித் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்கிறார்.

நேரம் மாற்றும் குமிழைக் கழட்டி, முட்களை எடுத்து, முகத்தட்டையும் தூக்கிவிட்டேன். அதன் கீழே கிழமை எழுதிய தட்டு. அதை நடுவில் பிடித்துவைத்திருப்பது ஒரு சிறிய உருக்குக் கிளிப், சி எழுத்து வடிவம், மிளகளவுதான் இருக்கும். திருப்புளி நுனியால் அதை நெம்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆளைக் காணோம். சீமெந்து நிலம், யன்னல் திறந்திருந்தது, வெளியே மணல் முற்றம். வேலை செய்த மேசை யன்னலுக்குப் பக்கத்தில்.

எப்படித் தேடினால் கிடைக்கும்? கிடைக்காவிட்டால் கிளிப் இல்லாமல் பூட்டலாமா? இந்தத் துண்டை மட்டும் தனியாக விற்பார்களா?

வவுனியா மணிக்கூடு:

தம்பி, அந்த அறையை இன்னும் கூட்டவில்லை என்றால் கூட்டவே வேண்டாம். தும்புத்தடி பட்டால் கிளிப் தும்புக்குள் சிக்கிப் போகும், அல்லது சுவர் ஓரத்து வெடிப்புக்குள் இறங்கும். ஃபானை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், சின்னப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

முதலில் தேட வேண்டிய இடம் நிலம் அல்ல, மணிக்கூடுதான். தூரப் பறந்தது என்று நினைக்கிற துண்டு பல நேரம் இயந்திரத்துக்குள்ளேயே விழுந்து கிடக்கும். கிழமைத் தட்டின் விளிம்புக்குக் கீழே, திகதித் தட்டின் பற்களுக்கிடையில், மற்றப் பக்கம் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருக்கும் பலன்ஸ் வீலின் ஓரத்தில், எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். அதைப் பார்க்காமல் பூட்டிவிட்டால் பிறகொரு நாள் அந்தக் கிளிப் பல்லுக்கிடையில் போய் மாட்டும். அப்போது பழுது பெரிதாகும்.

அடுத்தது உங்கள் உடுப்பு. சாரத்தின் மடிப்பு, சேட்டுப் பொக்கற், மடித்துவிட்ட கை. நின்ற இடத்திலேயே ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் உதறுங்கள். உள்ளங்காலையும் பாருங்கள், ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருக்கலாம்.

பிறகுதான் நிலம். பகலில் தேடுவதைவிட இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தேடுவது நல்லது. ரோச்சை நிலத்தோடு நிலமாகப் படுக்கவைத்து அடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. கிடையாக அடித்தால் மணல் துகளுக்குக்கூட நீள நிழல் விழும், உருக்குத் துண்டு பளிச்சென்று மின்னும். அறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டம் முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

இயந்திரத்தைத் திறந்தபடி வைக்காதீர்கள். ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். சோளகம் அடிக்கிற நாட்களில் எங்கள் பக்கத்துப் புழுதி எந்த வீட்டையும் விடாது.

கிளிநொச்சி ரேடியோ:

ரேடியோ திருத்துகிற எனக்கும் இதே தொல்லைதான். நான் செய்வதைச் சொல்கிறேன். பழுதான பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் பின்னால் இருக்கும் காந்தத்தைக் கழட்டி எடுங்கள். அதை ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கையில் பிடித்துக்கொண்டு, நிலத்தோடு உரசினாற்போல் மெதுவாக நகர்த்துங்கள். கட்டிலின் கீழ், அலுமாரியின் கீழ், மேசைக்காலைச் சுற்றி. இரும்புச் சாமான் எல்லாம் பைக்கு வெளியே ஒட்டும். பிறகு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து, காந்தத்தை மட்டும் பைக்குள்ளிருந்து மேலே தூக்கினால் ஒட்டியது எல்லாம் தாளில் கொட்டும். காந்தத்தை நேரடியாக வைத்தால் ஒட்டினதைப் பிரித்தெடுக்கப் பெரும்பாடு.

கிளிப் உருக்கு என்றபடியால் வரும். பித்தளைப் பல்லுச்சக்கரமோ அச்சுகளைத் தாங்கும் சிவப்புக் கல்லோ தொலைந்தால் காந்தம் உதவாது, அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளியவளை அக்கா:

தம்பி, நான் தையல் வேலை. ஊசியும் குண்டூசியும் விழாத நாள் இல்லை, நாங்களும் காந்தத்தால்தான் தேடுவோம். முற்றத்து மணலையும் விட்டுவிடாதீர்கள். யன்னலுக்கு நேர் கீழே உள்ள மேல்மணலை மட்டும் தகரத்தால் மெல்ல வழித்து ஒரு தட்டில் போடுங்கள். மா அரிக்கும் அரிதட்டில் சிறிது சிறிதாக அரியுங்கள்.

ஒரு விசயம் கவனியுங்கள். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து மணலில் கறுப்பு மணல் கலந்திருக்கும். கொக்கிளாய், புல்மோட்டை வரைக்கும் அப்படித்தான், புல்மோட்டையில் அதைத்தானே அள்ளிப் பிரிக்கிறார்கள். உங்கள் வீட்டு மணல் கடற்கரையிலிருந்து ஏற்றி வந்து கொட்டியது என்றால் காந்தத்தில் கறுப்புத் துகள்கள் தாடி மாதிரி ஒட்டும். அதைக் குப்பை என்று தட்டிவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் பரப்பி, இறகாலோ மெல்லிய தூரிகையாலோ கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிப் பாருங்கள். கிளிப் அதற்குள் மறைந்திருக்கும்.

வவுனியா மணிக்கூடு:

காந்த யோசனை நல்லது. ஆனால் அந்தக் காந்தம் மணிக்கூடு இருக்கிற அறைக்குள் வரும்முன் மணிக்கூட்டை வேறு அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். பலன்ஸ் வீலில் இருக்கும் மயிர் போன்ற சுருளான ஹெயார் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு மணிக்கூடு தலைதெறிக்க ஓடும், நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தும். திருப்புளியும் சாமணமும் அப்படித்தான், காந்தம் ஏறிய சாமணத்தால் ஒரு ஆணியைக்கூட நேராக வைக்க ஏலாது, வைத்ததும் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

புதுக்குடியிருப்பான்:

எல்லோருக்கும் நன்றி. கிளிப் கிடைத்துவிட்டது! இயந்திரத்துக்குள் இல்லை, உடுப்பிலும் இல்லை. அக்கா சொன்னபடி யன்னலுக்குக் கீழே மணலை அரித்து, காந்தத்தில் ஒட்டிய கறுப்பு மணலைத் தாளில் பரப்பினேன். அதற்குள்தான் கிடந்தது. அம்மாவின் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது.

ஆனால் இன்னொரு சிக்கல். கிளிப்பின் வாய் அகன்றுவிட்டது. அது இருக்க வேண்டிய பள்ளமான காடியில் வைத்தால் பிடிக்காமல் ஆடுகிறது. குறட்டால் நெருக்கிப் பார்க்கட்டுமா?

மாங்குளம் தம்பி:

அண்ணை, கிழமைத் தட்டு நடுவில் இருந்தால் போதும்தானே? கிளிப்பை வைத்து ஒரு துளி சுப்பர் குளூ விட்டால் அசையாது. எனக்கு ஒரு சுவர் மணிக்கூட்டில் அது நன்றாகவே பிடித்தது.

வவுனியா மணிக்கூடு:

மாங்குளம் தம்பி, சுவர் மணிக்கூடு வேறு, இது வேறு. இதில் சுப்பர் குளூவைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. அந்தக் கிளிப்புக்கு நடுவால் மணிமுள்ளைத் தாங்குகிற சக்கரத்தின் குழாய் சுற்றுகிறது. ஒரு துளி விட்டால் இடுக்கு வழியே உள்ளே ஓடி அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதோடு அந்தப் பசையின் ஆவி கண்ணாடியிலும் முகத்தட்டிலும் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரிப் படியும். மூடிய கூட்டுக்குள் என்றால் இன்னும் மோசம்.

புதுக்குடியிருப்புத் தம்பி, குறட்டால் நெருக்கவும் வேண்டாம். அது ஸ்பிரிங் உருக்கு. ஒருமுறை விரிந்ததைத் திரும்ப வளைத்தால் உடையும், உடையாவிட்டாலும் பழைய பிடி வராது. பிடி தளர்ந்த கிளிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று முகத்தட்டுக்கு அடியில் உருளும்.

தனிக் கிளிப்புக்கு அலைவதைவிட, ஓடாத 7எஸ்26 இயந்திரம் ஒன்றைத் தேடுங்கள். சீக்கோ 5இல் இது நிறையவே வந்தது, 1996 முதல் பல ஆண்டுகள். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பழைய ஆட்கள் வைத்திருக்கும் மேசை லாச்சியைக் கிண்டினால் ஒன்றாவது இருக்கும். நாங்கள் எதையும் எறிவதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரியே வன்னிக்குள் வராத காலத்தில் பற்றரி மணிக்கூடுகள் எல்லாம் பெட்டிக்குள் போயின, சாவி கொடுப்பதும் தானாக ஓடுவதும்தான் கையில் இருந்தன. புதுச் சாமான் வராது. ஒன்று செத்தால் அதன் உறுப்புகளால் இன்னொன்றை ஓடவைப்போம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

முழு இயந்திரமாக எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழமை ஏன் நின்றது என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. கிளிப்பால் கிழமை நிற்காது. கிழமைத் தட்டை எடுத்துவிட்டு, அதைத் தள்ளுகிற சிறிய விரல் போன்ற உறுப்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அப்பா இரவில் கிழமையைத் திருப்புகிறவரா என்று கேளுங்கள். இந்த மணிக்கூட்டில் இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை திகதியையும் கிழமையையும் கையால் மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் அந்த விரல் தட்டின் பல்லோடு கோத்துக்கொண்டு நிற்கும். அப்போது வலிந்து திருப்பினால் போவது அந்த விரல்தான்.

புதுக்குடியிருப்பான்:

நீங்கள் சொன்னது அப்படியே சரி, ஐயா. விரலின் நுனி முறிந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன், படுக்கப்போகும் முன்தான் திகதி சரிபார்ப்பாராம்.

வவுனியா போன இடத்தில் பழைய மணிக்கூடு திருத்துகிறவர் ஒருவரிடம் பலன்ஸ் உடைந்த 7எஸ்26 ஒன்று கிடைத்தது. கிளிப்பும் விரலும் அதில் நன்றாக இருக்கின்றன. இனி அதிலிருந்து கிளிப்பைக் கழட்ட வேண்டும், அதையும் பறக்கவிட்டால் வேறு இல்லை. எப்படிக் கழட்டுவது? பிறகு முட்களைப் பூட்டும்போது எந்த நேரத்தில் வைப்பது? கழட்டும்போது அதைக் குறித்துவைக்கவில்லை.

வவுனியா மணிக்கூடு:

பெரிய, தெளிந்த பொலித்தீன் பை ஒன்றை எடுங்கள். இயந்திரம், சாமணம், திருப்புளி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு வேலை செய்யுங்கள். கொஞ்சம் இடைஞ்சல்தான், ஆனால் பறந்தாலும் பைக்குள்தான் நிற்கும். மேசை விளிம்பில் ஒரு துணியைக் குத்தி மறு முனையை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். நகைப் பட்டறையில் தூள் விழாமல் பிடிக்கிற மாதிரி.

நெம்பாதீர்கள். கிளிப்பின் வாய்க்குள் மெல்லிய திருப்புளி நுனியை விட்டு, நுனியை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். மற்றக் கையால் ஒரு மரக்குச்சியைக் கிளிப்பின் மேல் தொட்டபடி வைத்திருங்கள், எழும்பினாலும் குச்சி தடுக்கும். பூட்டும்போது ஒரு பக்கத்தைக் காடியில் இருத்தி, மற்றப் பக்கத்தை மரக்குச்சியால் அழுத்துங்கள். உலோகத்தால் அழுத்தினால் சறுக்கும்.

முட்களுக்கு நேரம் குறிக்கத் தேவையில்லை. முகத்தட்டைப் பூட்டி, குமிழைச் செருகி, முன்பக்கமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். திகதி மாறி முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், அதுதான் நள்ளிரவு. மணிமுள்ளையும் நிமிடமுள்ளையும் 12க்கு நேராக அங்கே வையுங்கள். பிறகு இரண்டு சுற்றுத் திருப்பிப் பாருங்கள், முட்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, முகத்தட்டிலும் உரசக் கூடாது. கிழமை திகதிக்குக் கொஞ்சம் பிந்தி மாறினால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான்.

எஞ்சிய பழைய இயந்திரத்தை எறியாமல் ஒரு சின்னப் போத்தலில் போட்டு, மூடியில் 7எஸ்26 என்று எழுதிவையுங்கள். உங்கள் பக்கத்தில் இன்னொருவருக்குத் தேவைப்படும்.