மறு: குவில்ட் மென்பொருள்ல வர்ற 'லேயர்' – அடுக்கா, படலமா, ஏடா?

> கையேட்டுல லேயர்னு வர்ற எடத்துல எல்லாம் அடுக்குன்னு போட்டுக்கிட்டே வந்தேன், பாதி தாண்டினதும் ஒரே குழப்பம். நடுவுல பஞ்சு (பேட்டிங்) வைக்கறதும் லேயர்தான், ஸ்கிரீன்ல பூவை மேல கொண்டுபோய் வைக்கறதும் லேயர்தான். ரெண்டுக்கும் அடுக்குன்னு போட்டா படிக்கறவங்க எதைன்னு எடுத்துப்பாங்க? மென்பொருள் லேயரை மட்டும் 'படலம்'னு மாத்திடலாமா?

அக்கா, படலத்துக்கு என் ஓட்டு இல்ல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

குவில்ட்டே தைக்காதவங்களும் இந்த இழையப் படிக்கறதால மொதல்ல ரெண்டு வரி. குவில்ட்ங்கறது மூணு சமாச்சாரம் சேர்ந்தது. மேல பல துணித்துண்டு சேர்த்துத் தைச்ச மேல்துணி, நடுவுல பேட்டிங், அதாவது பஞ்சுத் தகடு மாதிரி இருக்குமே அது, கீழ ஒரு அடித்துணி. இந்த மூணையும் ஒண்ணா வெச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஊசி போய் வர்ற மாதிரி தைச்சாத்தான் அதுக்கு குவில்ட்னு பேரு, அதுவரைக்கும் அது வெறும் ஒட்டுத்துணி விரிப்புதான். அமெரிக்காவுல தைக்கறவங்க இந்த மூணையும்தான் லேயர்னு சொல்றாங்க, அதைச் சேர்த்து வெச்சதுக்கு சாண்ட்விச்னே பேரு.

இப்ப மென்பொருளுக்கு வருவோம். குவில்ட் டிசைன் போடற ஈக்யூ8ஐயே எடுத்துக்கலாம், அக்கா எழுதற கையேடே அதுக்குத்தானே. ஒஹையோவுல பௌலிங் கிரீன்ங்கற ஊர்ல இருக்கற கம்பெனி, 1991லயே டாஸ் காலத்துல மொதல் பதிப்பு போட்டவங்க, 2017ல ஈக்யூ8 வந்துச்சு. அதுல குவில்ட் வரையற பக்கத்துல கீழ பாத்தீங்கன்னா லேயர் 1, லேயர் 2, லேயர் 3னு மூணு டேப் (அமுக்கினா அந்த லேயருக்குப் போற பட்டன்) இருக்கும். இங்கதான் வம்பே. மூணுன்னு பாத்த உடனே புதுசா வர்றவங்க, ஓ மேல்துணி, பேட்டிங், அடித்துணின்னு நெனச்சுக்கறாங்க. அப்படி இல்லவே இல்ல. லேயர் 1ல கட்டம் கட்டமா ப்ளாக், அதாவது ஒவ்வொரு சதுரத்துக்கும் உண்டான டிசைன், வைக்கறது, பார்டர் போடறது, அதாவது துண்டு சேர்க்கற வேலை. லேயர் 2ல அப்ளிக், அதாவது வெட்டின பூவோ இலையோ மேல வெச்சுத் தைக்கற வேலை. லேயர் 3ல தையல் கோடு, எம்ப்ராய்டரி. ஆக ஸ்கிரீன்ல இருக்கற மூணு லேயருமே நெஜத்துல மேல்துணியோட சங்கதிதான், பேட்டிங்குக்கும் அடித்துணிக்கும் அங்க டேப்பே கெடையாது. இன்னொரு வேடிக்கை, ஸ்கிரீன்ல எல்லாத்துக்கும் உச்சில இருக்கற லேயர் 3ல வரையற தையல் கோடுதான் நெஜத்துல மூணு துணியையும் துளைச்சுக்கிட்டு அடி வரைக்கும் போகுது!

அதனால அக்காவோட குழப்பம் நியாயமான குழப்பம். ஆனா அதுக்கு மருந்து மென்பொருள் பக்கத்துச் சொல்லை மாத்தறது இல்லங்கறது என் கட்சி.

படலம்னா நமக்கு என்ன தோணும்? ஓசோன் படலம், தண்ணி மேல எண்ணெய்ப் படலம், கண்ணுல படலம். எல்லாம் தன்னால படியறது, மெலிசா பரவறது. நாம எடுத்து வெச்சு, மாத்தி, தூக்கற ஒண்ண படலம்னு யாரும் சொல்றதில்ல. 'படலத்தைச் சொடுக்கவும்'னு எழுதிப் பாருங்க, கண் ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது. அதுக்கு மேல புராணத்துல பகுதிக்கும் படலம்னு பேரு வேற.

போன மடல்ல ஒருத்தர் 'ஏடு'ன்னு சொல்லியிருந்தார். எனக்குப் பிடிச்ச சொல்தான், பாலேடு மாதிரி மெலிசா மேல நிக்குது, எடுத்தா வருது. ஆனா 'ஏடு 2ஐத் திறக்கவும்'னா நோட்டுப் புத்தகத்துல ரெண்டாம் பக்கம்னுதான் படிப்பாங்க. தவிர கையேட்டுக்குள்ளயே ஏடு இருக்கே, ஒரே வரில ரெண்டும் வந்தா நல்லா இருக்காது.

அடுக்குங்கறது ஏற்கனவே ஊன்றிப்போன சொல். படம் வரையற மென்பொருளுக்குத் தமிழ்ல எழுதறவங்க பெரும்பாலும் அதைத்தான் போடறாங்க, நெட்வொர்க் பாடத்துல ஏழு அடுக்குன்னுதான் சொல்லித் தர்றாங்க, வீட்டுலயும் டிபன் கேரியருக்கு மூணு அடுக்கு, நாலு அடுக்குன்னுதான் கணக்கு. எல்லா எடத்துலயும் ஒரு சொல் ஓடிட்டு இருக்கும்போது குவில்ட்டுக்குன்னு தனியா ஒண்ணு ஏன்? இன்னிக்கு ஈக்யூ8 படிக்கற பொண்ணு நாளைக்கு இங்க்ஸ்கேப்னு படம் வரையற மென்பொருள் பக்கம் போவா, அங்க போயி அடுக்குன்னு பாத்தா இது வேற அது வேறன்னு நெனச்சுக்கக் கூடாது.

அப்ப துணி பக்கத்துல என்ன பண்றது? அங்க லேயர்ங்கற பொதுச்சொல்லே வேண்டாம்னு தூக்கிடுங்க. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணின்னு மூணுக்கும் பேர் இருக்கு, பேரைச் சொல்லியே எழுதலாம். 'மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கவும்'னு எழுதறதுக்குப் பதிலா 'மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கவும்'னு எழுதினா சண்டையே இல்ல. ரெண்டு சொல் கூடும், போகட்டும்.

டேப்புக்குப் பேர் வைக்கறதுதான் எனக்கு சுவாரசியமான பகுதி. அடுக்கு 1, அடுக்கு 2, அடுக்கு 3ன்னு வெறும் நம்பரா விட்டா மறுபடி அதே கேரியர் மூளைதான் வேலை செய்யும், கீழ இருக்கறது அடித்துணின்னு. வேலையைச் சொல்ற பேரா வைக்கலாம். லேயர் 1க்கு மொதல்ல 'துண்டு அடுக்கு'ன்னு எழுதிப் பாத்தேன், ஜவுளிக்கடைல குளிக்கற துண்டை அடுக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. 'இணைப்பு அடுக்கு'ன்னா மெயில்ல வர்ற இணைப்பு ஞாபகம் வருது. 'கோர்வை'ன்னு ஒரு அழகான சொல் இருக்கு, ஆனா அது காஞ்சிபுரத்துல கரையையும் உடலையும் தறிலயே பூட்டி நெய்யறதுக்கு உண்டான சொல், அவங்க கிட்டேர்ந்து பிடுங்கக் கூடாது. கடைசில 'சேர்ப்பு அடுக்கு'ன்னு நின்னேன்.

லேயர் 2க்கு 'ஒட்டு அடுக்கு'. பசை போட்டு ஒட்டறது இல்லையே, தைக்கறதுதானேன்னு யாராவது கேப்பீங்க. ஒட்டுப் போட்ட சட்டைன்னு சொல்றோமே, அதுல யார் பசை தடவினது? தஞ்சாவூர் பக்கம் தேருக்குக் கட்டற தொம்பைல கலர் கலரா வெட்டி மேல வெச்சுத் தைக்கறதும் இதே வேலைதான். சேர்த்து 'ஒட்டடுக்கு'ன்னு மட்டும் எழுதிடாதீங்க, பரண்ல ஒட்டடை அடிக்கற மாதிரி கேக்குது.

லேயர் 3 = 'ஊடுதையல் அடுக்கு'. மூணையும் ஊடுருவிப் போற தையல். இது என் சொந்தச் சரக்கு, அடிக்கலாம்.

- - -

> லேயர் 3 = 'ஊடுதையல் அடுக்கு'

அன்பின் நண்பர்களுக்கு, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பள்ளிக்கூடப் புத்தகங்களில ஓசோன் படை எண்டுதான் இருக்கும், படலம் எண்டு நாங்கள் படிக்கேல்லை. ஆனால் இங்க படை எண்டு போட்டால் தமிழ்நாட்டில இருக்கிறவை குவில்டுக்குள்ள ராணுவம் வந்திட்டுது எண்டு நினைப்பினம், அதால அடுக்குக்கே நானும் சம்மதம்.

ஊடுதையலில ஒரு சிக்கல் இருக்கு தம்பி. நீங்களே எழுதியிருக்கிறியள், லேயர் 3இல எம்ப்ராய்டரியும் வரும் எண்டு. எம்ப்ராய்டரியை கனபேர் மேல்துணியில முதலே போட்டு முடிச்சிட்டுத்தான் பஞ்சு வைக்கிறவை. அது பஞ்சுக்குள்ளால போகாது, அடித்துணியைத் தொடவும் மாட்டுது. பிறகு எப்பிடி அதுக்கு ஊடுதையல் எண்டு பேர்? நூலால செய்யிற எல்லாத்துக்கும் பொதுவா ஒண்டு வேணும்.

- - -

ஐயா சொல்றது சரிதான், எம்ப்ராய்டரிக்கு அது பொருந்தாது. அப்ப 'நூல் அடுக்கு'ன்னு வெச்சுக்கலாம். 1ல துணியோட துணி பக்கத்துல பக்கத்துல, 2ல துணி மேல துணி, 3ல வெறும் நூல். ஒரே வரில சொல்லிப் புரிய வெச்சுடலாம். ஊடுதையல்ங்கறத குவில்டிங்ங்கற வேலைக்கே தனியா வெச்சுக்கலாம், அதுக்கும் ஒரு சொல் வேணும்ல, கோட்டை விட வேண்டாம்.

அக்கா கேட்ட இன்னொரு கேள்விக்கு நான் பதில் சொல்லல, அதையும் சொல்லிடறேன்.

> லேயர் 1ஐ அமுக்கினா பூவெல்லாம் காணாம போகுது, அழிஞ்சிடுச்சான்னு ஒருத்தங்க அழற மாதிரி கேட்டாங்க. இதை எப்படி எழுதறது?

அழியல. லேயர் 1 டேப்ல நின்னா 1 மட்டும் தெரியும், 2ல நின்னா 1ம் 2ம் தெரியும், 3ல நின்னாத்தான் மொத்தமும் தெரியும். எந்த டேப்ல நிக்கறோமோ அதுல மட்டும்தான் கை வைக்க முடியும். போட்டோஷாப் மாதிரி கண் படத்தை அமுக்கி ஒவ்வொண்ணா மறைக்கறது, மேல கீழ இழுத்து வரிசை மாத்தறது இதெல்லாம் இங்க இல்ல, மூணே மூணு, வரிசையும் மாறாது. இதனாலயும் அடுக்குதான் பொருத்தம்னு தோணுது. 'அடுக்கு 2இல் நின்றால் அதற்குக் கீழே உள்ளதும் தெரியும், மேலே உள்ளது தெரியாது'ன்னு எழுதினா படிக்கறவங்களுக்குச் சட்டுனு பிடிபடும். படலம்னு போட்டு இதே வரியை எழுதிப் பாருங்க, மேலயும் கீழயும் நிக்காது.

இன்னொண்ணு, இது கையேட்டுல கட்டாயம் இருக்கணும். பால்டிமோர் ஆல்பம் குவில்ட் படங்கள் பாத்திருப்பீங்க, 1840கள்ல மேரிலாண்ட்ல தைச்சது, கட்டத்துக்கு ஒரு பூங்கொத்து இருக்கும், சிலதுல சுத்தி பார்டர்ல ஒரு கொடி மூலைல திரும்பி ஓடிட்டே இருக்கும். அந்தக் கொடியை லேயர் 1ல போட முடியாது, ஏன்னா அங்க ஒவ்வொண்ணும் தன் கட்டத்துக்குள்ளயே அடங்கணும். லேயர் 2ல கட்டம் இல்ல, எங்க வேணா வைக்கலாம், எந்த அளவுல வேணா இழுக்கலாம், கோட்டைத் தாண்டலாம். ஆனா அங்க ப்ளாக்கா வரைஞ்ச பூவைக் கொண்டுபோய் வெச்சா பூவோட சேர்ந்து அதோட பின்னணிச் சதுரமும் வந்து உக்காந்துக்கும், கீழ அழகா சேர்த்து வெச்ச துண்டெல்லாம் மறைஞ்சுபோகும். மோட்டிஃபா வரைஞ்சா பின்னணி இருக்காது, பூ மட்டும் வரும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமத்தான் பாதிப்பேர் லேயரே வேண்டாம்னு ஓடறாங்க. மோட்டிஃபுக்குத் தமிழ் வேணும்னா 'தனியுரு'ன்னு வைக்கலாமான்னு பாருங்க, பின்னணி இல்லாம தனியா நிக்கற உரு. ப்ளாக்கை ப்ளாக்னே விட்டுடலாம், 'கட்டம்'னு மாத்தினா க்ரிட்டுக்கு என்ன சொல்றதுன்னு இன்னொரு இழை ஓடும்.

- - -

தம்பி, சேர்ப்பு, ஒட்டு, நூல் மூணும் நல்லா இருக்கு, நான் தைக்கச் சொல்லிக் கொடுக்கும்போதே என் வாயில வர்ற சொல்லுதான். ஆனா டேப்போட பேரா இதை வைக்க எனக்கு மனசு வரல. மென்பொருள் கட்டாயப்படுத்தறதில்லையே, லேயர் 2ல துண்டு சேர்த்த ப்ளாக்கையும் ஒருத்தர் வைக்கலாம், நானே வெச்சிருக்கேன், நடுவுல ஒரு பெரிய நட்சத்திரத்தைச் சாய்ச்சு வைக்கணும்னா அங்கதான் கொண்டுபோவேன். அதைப் போயி ஒட்டு அடுக்குன்னா பொய். ஸ்கிரீன்ல லேயர் 2ன்னு இருக்கறத புத்தகத்துல தேடறவங்களுக்கு நம்பர் வேணும்.

அதனால இப்படிச் செய்யறேன். தலைப்புலயும் படிப்படியா சொல்ற எடத்துலயும் அடுக்கு 1, அடுக்கு 2, அடுக்கு 3. மொத அத்தியாயத்துல மட்டும் 'அடுக்கு 1 வழக்கமாகச் சேர்ப்பு வேலைக்கு, 2 ஒட்டு வேலைக்கு, 3 நூல் வேலைக்கு'ன்னு ஒரு வரி. துணி பக்கத்துல லேயர்ங்கற சொல்லே வராம மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி. ஊடுதையலை எடுத்துக்கறேன். தனியுருவுக்கு மட்டும் இன்னும் யாராவது சொல்லுங்க, எனக்கு அது கல்வெட்டு மாதிரி இருக்கு.

- - -

தனியுருவை விட்டுடுங்க அக்கா, 'மோட்டிஃப்'னே போடுங்க. சேலைக்கடைல கூட இப்ப அப்படித்தான் சொல்றாங்க. நம்பர் விஷயத்துல நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன். மூணாம் அத்தியாயம் ரெடியானா அனுப்புங்க, பார்டர் பகுதியை நான் பாத்துத் தர்றேன்.