மலையிலிருந்து வெளிநாடு போனவர்களுக்கு: விறகு வாங்குவது, அடுக்குவது, காயவைப்பது

கேள்வி: அக்கா, எங்களுக்கு அரவேணு பக்கம். இப்போது இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் ஒரு கிராமத்தில் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஹாலில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகு அடுப்பு இருக்கிறது. இது மே மாதம்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இப்பவே விறகு வாங்கிப் போடு என்கிறார். குளிர் வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, என்ன அவசரம்?

பதில்: அவர் பேச்சைக் கேளு தங்கச்சி. பச்சை மரம் வாங்குவதாக இருந்தால் மே மாதமே கொஞ்சம் பிந்தித்தான். நான் அந்த நாட்டின் வடக்குப் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். இரண்டு ஊரிலும் விறகு எரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே கஷ்டப்படுகிறவர்கள் அக்டோபரில் குளிர் தட்டிய பிறகு விறகு தேடுகிறவர்கள்தான். கிடைப்பது ஈர விறகு, கொடுப்பது காய்ந்த விறகின் விலை.

நம் பக்கம் எப்போது அடுக்குவார்கள் என்று யோசித்துப் பார். ஜூனில் தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூரைப் பிடித்துக்கொள்ளும். அது ஓய்ந்து அக்டோபரில் வடகிழக்கு வந்தால் குன்னூரும் கோத்தகிரியும் நனையும். அதனால் தை பிறந்ததும் பிளந்து அடுக்கி, கோடை மழைக்கு முன்னால் முடிந்தவரை காயவைத்துவிடுவோம். அங்கே அந்தப் பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வருடம் முழுக்கத் தூறல் இருந்தாலும் கோடையில் பகல் நீளம், காற்றிலும் ஈரம் குறைவு. அக்டோபருக்கு மேல் வெளியில் கிடக்கும் விறகு காய்வது கிட்டத்தட்ட நின்றே போகும்.

பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். 10 கிலோ விறகில் 40 சதவீதம் ஈரம் என்றால் அதில் 4 கிலோ தண்ணீர். அடுப்பு முதலில் அதை ஆவியாக்கும், மிச்சச் சூடுதான் உங்களுக்கு. தீ மந்தமாக எரியும், கண்ணாடி கறுக்கும். அதைவிட மோசம், புகைபோக்கிக்கு உள்ளே தார் போலக் கரும்பிசின் படியும். ஒருநாள் அது தீப்பிடித்தால் புகைபோக்கியே பற்றி எரியும். ஆகவே 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும் விறகை அடுப்புக்குள் விடாதே.

இங்கிலாந்தில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2021 மே முதல், 2 கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) என்ற முத்திரை இருக்கிறதா என்று பார். 2 கனமீட்டரோ அதற்கு மேலோ மொத்தமாக வாங்கினால் பச்சையாகவும் விற்கலாம், ஆனால் எப்படிக் காயவைப்பது என்ற குறிப்பை விற்பவர் தர வேண்டும். இடம் இருந்தால் மொத்தமாக வாங்குவதுதான் லாபம். இந்தக் குளிருக்கு மட்டும் கொஞ்சம் முத்திரை விறகு வாங்கிக்கொள், அடுத்த வருடத்து விறகை இப்போதே பச்சையாக வாங்கி அடுக்கு. நம் ஊரில் எடை போட்டு வாங்கிப் பழகியிருப்பாய், அங்கே கன அளவுக் கணக்கு. பையில் சும்மா கொட்டிய ஒரு கனமீட்டரை நெருக்கி அடுக்கினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வரும். விலை விசாரிக்கும்போதே கொட்டிய அளவா, அடுக்கிய அளவா என்று கேட்டுவிடு.

ஈரம் பார்க்க இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டர் கிடைக்கும், விலை அதிகமில்லை. கட்டையின் முனையில் குத்தினால் பொய்க்கணக்கு காட்டும், ஏனென்றால் முனைதான் முதலில் காயும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிள, பிளந்த உள்முகத்தின் நடுவில் ஊசியை அழுத்து. மீட்டர் இல்லாதபோது நம் ஊர் வழிதான்: இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், முனையில் விரிசல் ஓடியிருக்க வேண்டும், பட்டை லேசாகக் கழன்று வர வேண்டும்.

சரி, அடுக்குவது. முதலில் பிளந்துவிடு. கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) ஈரத்தோடு பிளக்காமல் விட்டால் அப்புறம் கோடாலி உள்ளே இறங்காது என்பது உனக்கே தெரியும். அங்கே பிர்ச் என்று வெள்ளைப் பட்டை மரம் ஒன்று உண்டு. அதன் பட்டை தண்ணீரை வெளியே விடாது, உருளையாகவே போட்டு வைத்தால் உள்ளேயே உளுத்துப் போகும். கை அகலத்துக்குப் பிளந்தால் போதும். ஆஷ் மரம் பச்சையிலேயே ஈரம் குறைவு, பொடியாகப் பிளந்து அடுக்கினால் ஒரு கோடையில் தயாராகலாம். ஓக் வாங்கினால் இரண்டு கோடை பொறுக்க வேண்டும்.

வெயிலைவிடக் காற்றுதான் விறகைக் காயவைக்கும். மண்ணில் படாமல் கீழே இரண்டு கட்டையோ மரத்தட்டோ போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒற்றை வரிசையாக, காற்று வரும் பக்கம் பார்த்து அடுக்கு. மேலே மட்டும் தகரமோ ஷீட்டோ போடு. மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் போர்த்துகிறவர்கள் நிறைய. வெளியேற வேண்டிய ஈரம் உள்ளேயே வியர்த்து, விறகு பூஞ்சை பிடித்துவிடும். பக்கச் சாரல் பட்டால் மேல்தோல்தான் நனையும், இரண்டு நாள் காற்றில் சரியாகிவிடும்.

நம் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் விறகைப் போட்டுப் புகையில் காயவிடுவார்கள். ஓட்டு இடுக்கு வழியாகப் புகை போகிற வீட்டுக்கு அது சரி. அந்த ஊர் வீட்டில் அதைச் செய்யாதே. ஜன்னலை அடைத்தே வைத்திருக்கும் வீட்டில் ஈர விறகை அடுக்கினால் சுவரெல்லாம் பூஞ்சை வரும். ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் உள்ளே இருக்கட்டும், அதுவும் அடுப்பை ஒட்டி வேண்டாம்.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காதே. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தியைப் படித்திருப்பாய். அவர்களைக் கொன்ற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இந்த அடுப்பிலும் வரலாம், வாசனையே இருக்காது. விறகு எரிக்கும் அறையில் அதற்கான அலாரம் வைத்துத் தருவது வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கடைசியாகப் புகைபோக்கி எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் கேள், வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியா என்று கவுன்சிலில் விசாரித்துக்கொள். அப்படியானால் புகைபோக்கியில் புகை தெரிந்தாலே 300 பவுண்டு வரை அபராதம் உண்டு.

உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பச்சை நிறப் பலகை, பெயின்ட் அடித்த பலகை எதையும் எரிக்காதே, விஷப்புகை. விழுந்த மரமும் நிலத்துக்காரருடையதுதான், கேட்காமல் எடுக்காதே. நம் மலையில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவே 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்குகிறோமே, அந்த ஊரிலும் விதி இருக்கிறது.

இன்னொரு கேள்வி: அக்கா, நான் கூடலூர், இப்போது கனடா ஒன்டாரியோவில். இங்கே 'கார்ட்' கணக்கில் விற்கிறார்கள். ஒருவர் சொன்ன விலை மற்றவர் விலையில் பாதிகூட இல்லை. வாங்கலாமா?

பதில்: தம்பி, முழு கார்ட் என்றால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், ஆக 128 கன அடி. 'ஃபேஸ் கார்ட்' என்றால் முன்பக்கம் மட்டும்தான் அந்த அளவு, உள்ளே ஒரு வரிசைக் கட்டைதான். கட்டை 16 அங்குலம் என்றால் முழு கார்டில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மலிவு விலை அதற்காக இருக்கும், கேட்டுப் பார். அப்புறம், முகாம் போடப் போகும்போது வீட்டு விறகை வண்டியில் ஏற்றாதே. ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பச்சை வண்டு 2002-ல் அமெரிக்க-கனடா எல்லையில் டெட்ராய்ட், விண்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்குள்ளே இருக்கும், விறகோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகும். போன இடத்திலேயே வாங்கி அங்கேயே எரி, மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வா.