ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தனி உரிமம் உண்டா?

வைகைக்கரையான்:
வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துச் சில ஆண்டுகள் 108 ஆம்புலன்ஸில் இஎம்டியாக (நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவப் பணியாளராக) இருந்துவிட்டு, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். புதிதாகச் சேரும் இஎம்டிகளுக்கும் பைலட்டுகளுக்கும் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும்) பயிற்சி அளிக்க விரும்புகிறேன். அமெரிக்க இதயச் சங்கத்தின் பயிற்றுநர் அட்டை போதும் என்கிறார் ஒருவர்; திறன் கவுன்சிலின் சான்றிதழ் இல்லாமல் எவரும் வகுப்பில் நிற்க முடியாது என்கிறார் இன்னொருவர். அரசே வழங்கும் பயிற்றுநர் உரிமம் என்று ஏதேனும் இருக்கிறதா?

ஸ்ட்ரெச்சர்:
இருவர் சொன்னதும் சரியே; ஆனால் இருவரும் வெவ்வேறு படிப்புகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் இஎம்டி பயிற்றுநர்களுக்கு அம்மாநிலச் சுகாதாரத் துறையே சான்று வழங்குகிறது. நம் நாட்டிலோ எந்தப் படிப்பை நடத்துகிறோமோ அந்தப் படிப்புக்குரிய அமைப்புதான் பயிற்றுநரின் தகுதியையும் வகுக்கிறது. சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் அடிப்படை இஎம்டி படிப்பை நடத்த, அந்தப் பணிக்கான சான்றோடு ‘பயிற்றுநர்’ என்ற தனிப் பணிக்கான சான்றும் வேண்டும்; இரண்டுக்கும் 80 சதவீத மதிப்பெண் கேட்கிறார்கள். துறை தெரிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொள்ளாதது நியாயமே.

மனோரஞ்சிதம்:
இதயச் சங்கத்தின் வழியைப் பற்றி நான் சொல்கிறேன், தம்பி. முதலில் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) அட்டை நடப்பில் இருக்க வேண்டும். உங்களைப் பயிற்றுநராக ஏற்றுக்கொள்ள ஒரு பயிற்சி மையமும் இசைய வேண்டும். மையத்தோடு இணையாமல் தனியாளாக அட்டை வைத்துக்கொள்ள முடியாது என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள். இணையவழிப் பாடத்தையும் நேரடி வகுப்பையும் முடித்த 6 மாதங்களுக்குள், நீங்கள் நடத்தும் முதல் வகுப்பை மூத்த பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து மதிப்பிடுவார். அட்டை 2 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் குறைந்தது 4 வகுப்புகளாவது நடத்தியிருந்தால்தான் புதுப்பிப்பார்கள்.

உண்மையான தேர்வு அந்த முதல் வகுப்புதான். புதிய பயிற்றுநர் பெரும்பாலும் 30 மார்பு அழுத்தங்களை வாய்விட்டு எண்ணுவதிலேயே கவனமாக இருப்பார். மாணவர் உள்ளங்கையை மேனிகின் (பயிற்சிப் பொம்மை) மீது சாய்த்தபடியே வைத்திருப்பதால் மார்பு முழுமையாக மேலெழாமல் போவதைக் கவனிக்கத் தவறிவிடுவார். மதிப்பிட வருபவர் அதைத்தான் பார்ப்பார். அழுத்தம் 5 செ.மீ. ஆழம் போகிறதா என்பதை இக்கால மேனிகினே காட்டிவிடுகிறது. அது ஏன் போகவில்லை என்று மாணவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வைகைக்கரையான்:
மிக்க நன்றி, அக்கா. இந்த அட்டையைக் கொண்டு இஎம்டி படிப்பு முழுவதையும் நடத்தலாமா?

மனோரஞ்சிதம்:
முடியாது. பிஎல்எஸ் அட்டை பிஎல்எஸ் வகுப்புக்கு மட்டுமே செல்லும். மகப்பேறு, காயப் பராமரிப்பு, நோயாளியைத் தூக்கி இடம் மாற்றுதல் எல்லாம் அதன் எல்லைக்கு வெளியே உள்ளவை.

ஸ்ட்ரெச்சர்:
இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டின் இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. படிப்புகளுக்கும் ஆசிரியர்களுக்கும் குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் பொறுப்பு அந்த ஆணையத்துக்கு உண்டு என்பதால், கட்டணம் கட்டும் முன் நடப்பு விதியை அங்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் செவிலியர் என்பதால் செவிலியர் கவுன்சில் பதிவையும் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.