ஃபில்டர் கழுவிய மூன்றாம் நாள் மீன் சாகிறது, மற்றவை விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உதவுங்கள்

அல்லிக்கொடி

வணக்கம். தோட்டத்தில் சின்னக் குளம் ஒன்று வைத்திருக்கிறேன். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், நடுவில் ஒரு மீட்டர் ஆழம், ஓரமெல்லாம் சரிவு. தரையில் குழி வெட்டி ரப்பர் ஷீட் விரித்தது. ஒன்பது கோய் மீன்கள் (வண்ணக் கெண்டை), ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். ஒரு மூலையில் அல்லி. இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது.

இந்தக் கோடையில் தண்ணீர் பச்சைப்பசேல் என்று ஆகி மீனே கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடித்தேன். ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஸ்பாஞ்ச், பயோபால் (உள்ளே போடும் பிளாஸ்டிக் பந்துகள்) எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் பழுப்பு போகும்வரை அலசினேன், பாதிக்கு மேல் தண்ணீரை இறைத்துவிட்டு நேரடியாகக் குழாயிலிருந்தே நிரப்பினேன், பாசியைக் கொல்லப் புதிதாக வாங்கிய யூவி (புற ஊதா) விளக்கையும் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை குளத்தின் அடி தெரிந்தது, அவ்வளவு சந்தோஷம். புதன் காலையில் ஒரு மீன் செத்து மிதந்தது. வியாழன் காலையில் இன்னொன்று. மிச்சம் ஏழும் விடியும்போது மேலே வந்து, தண்ணீர் கொட்டும் இடத்தில் கூட்டமாக நின்று வாயைப் பிளக்கின்றன. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தேறிவிடுகின்றன.

யூவி விளக்குதான் காரணமா? கழற்றி விடட்டுமா? தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் சாகின்றன என்றே புரியவில்லை.

கருங்கல்

குளத்தில் ஏதோ நோய் புகுந்துவிட்டது. மீனைத் தனியாக ஒரு டப்பில் போட்டுவிட்டு, மொத்தத் தண்ணீரையும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

நீரோட்டம்

கருங்கல் நண்பரே, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இப்போது அதைச் செய்தால் மிச்சம் ஏழும் போய்விடும். அல்லிக்கொடி, தயவுசெய்து எதையும் இறைக்க வேண்டாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்:

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வருமா? டெஸ்ட் கிட் இருக்கிறதா, இருந்தால் அமோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) மூன்றும் எவ்வளவு? பிஎச்சை மட்டும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். அப்புறம், பம்ப் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறதா?

பதில் வரும்வரை தீனியை நிறுத்துங்கள். ஒரு சாண் மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஏர் பம்ப் இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள்.

அல்லிக்கொடி

இப்போதுதான் கிட் வாங்கி வந்து பார்த்தேன், சார். அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0.5. பிஎச் சாயங்காலம் 8.4, மறுநாள் காலை ஆறு மணிக்கு 7.4. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை நன்றாகவே வரும்.

பம்ப் விஷயம்... இரவு பத்து மணிக்கு அணைத்துவிட்டு காலை ஆறரைக்குப் போடுகிறேன். தண்ணீர் விழும் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்க முடியவில்லை. இந்தக் கோடையில்தான் அப்படிச் செய்ய ஆரம்பித்தேன். இரவில் மீனும் தூங்கும்தானே, ஃபில்டருக்கும் ஓய்வு கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

நீரோட்டம்

பிடி கிடைத்துவிட்டது. யூவி மேல் மட்டும் பழி போட வேண்டாம். மூன்று நான்கு விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் இனி நீங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியே விடுகிறது. அது நஞ்சு. ஃபில்டரில் நீங்கள் அலசிக் கொட்டினீர்களே அந்தப் பழுப்பு, அதில் பாதி அழுக்கு என்றால் மீதி பாக்டீரியா. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, செடி எடுத்துக்கொள்ளும். குளோரின் கலந்த தண்ணீரில் பளிச்சென்று அலசியபோது அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை செத்திருக்கும். ஸ்பாஞ்ச் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஃபில்டர் வேலை செய்யாமல் கிடக்கிறது.

அடுத்தது பச்சைத் தண்ணீர். அந்தப் பச்சை முழுவதும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. பார்க்க அசிங்கம்தான், ஆனால் அதுவும் உங்கள் குளத்தில் அமோனியாவைத் தின்றுகொண்டுதான் இருந்தது. அதை ஒரே நாளில் பாதி இறைத்துவிட்டீர்கள், மீதியை யூவி கொன்றுவிட்டது. செத்த பாசி அடியில் அழுகும்போது பிராணவாயுவை இழுக்கும், அமோனியாவையும் திரும்ப விடும். ஆக, அமோனியாவைத் தின்னும் இரண்டு கூட்டமும் ஒரே வாரத்தில் இல்லை.

குளோரின் நேரடியாகக் கொன்றிருந்தால் ஞாயிறு இரவுக்குள்ளேயே மீன்கள் துடித்திருக்கும். மூன்று நாள் கழித்து ஒவ்வொன்றாகப் போவது அமோனியா ஏறுகிற வேகத்துக்குத்தான் பொருந்துகிறது.

இனி இரவு. வெளிச்சம் இருக்கும்வரை செடியும் பாசியும் பிராணவாயு விடும். இருட்டிய பிறகு மீனைப் போல அவையும் அதை இழுக்கும். அதனால் எந்தக் குளத்திலும் பிராணவாயு மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்பு. போதாததற்குக் கோடை. 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும், 30 டிகிரித் தண்ணீர் ஏழரைதான் தாங்கும். சரியாக அந்த எட்டரை மணி நேரம் பம்ப்பை நிறுத்தியிருக்கிறீர்கள். தண்ணீர் ஓடாத ஃபில்டர் பெட்டிக்குள் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் மூச்சுத்திணறும், காலையில் சுவிட்சைப் போட்டதும் அந்தக் கெட்ட தண்ணீர் மொத்தமும் குளத்தில்தான் விழும்.

பம்ப்பை இனி நிறுத்தவே நிறுத்தாதீர்கள். யூவியை மட்டும் இரண்டு மூன்று வாரம் அணைத்து வையுங்கள்.

செவுள்

நீரோட்டம் சொன்னதோடு ஒன்று. அமோனியா 2 என்பதை பிஎச்சோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் அந்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து, 9 ஆனால் முப்பத்தாறு. உங்களுக்குச் சாயங்காலம் 8.4, அதாவது கிட்டத்தட்ட நூற்றுக்குப் பன்னிரண்டு. மீன்கள் காலையில் மூச்சுக்குத் தவிக்கின்றன, சாயங்காலம் நஞ்சில் கிடக்கின்றன. பாவம்.

தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கும் மருந்து போட்ட தண்ணீராக இருக்கட்டும். வெறுமனே ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் போகும், குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் போகாது. மருந்துப் பாக்கெட்டில் குளோரமினுக்கும் ஆகும் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

நைட்ரைட்டுக்கு உப்பு. லிட்டருக்கு 1 கிராம். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழையாமல் தடுக்கும். உங்கள் குளம் 3 × 2 × சராசரி 0.7, சுமார் 4200 லிட்டர், ஆக 4.2 கிலோ. அயோடின் சேர்க்காத கல்லுப்பு, வாளியில் கரைத்து மூன்று நாளில் மூன்று பங்காக ஊற்றுங்கள். இந்த அளவை அல்லி தாங்கும். உப்பு ஆவியாகிப் போகாது என்பதை மறக்க வேண்டாம்; தண்ணீர் காய்ந்து குறைந்தால் வெறும் தண்ணீரை மட்டும் சேர்க்க வேண்டும், மாற்றிய தண்ணீருக்கு மட்டும்தான் மறுபடி உப்பு.

கருங்கல்

பிளீச்சிங் பவுடர் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. ஜியோலைட் கல்லை வலைப்பையில் கட்டிப் போட்டால் அமோனியாவை இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே, அதை அவர் போடலாமா?

செவுள்

இழுக்கும், உண்மைதான். ஆனால் உப்புப் போட்ட குளத்தில் போடக் கூடாது. உப்பு பட்டால் ஜியோலைட் பிடித்து வைத்த அமோனியாவைத் திரும்ப விட்டுவிடும். இரண்டில் ஒன்றுதான். இவருக்கு நைட்ரைட்டும் இருப்பதால் நான் உப்பு என்றேன்.

பழையதொட்டி

எல்லோரும் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டார்கள், நான் பம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பம்ப் வாங்கிய பெட்டியில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறது? அது தண்ணீரை மேலே தூக்காமல் அளந்த கணக்கு. உயரம் ஏற ஏற வரத்து குறையும். குழாய் விழும் இடத்தில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். மொத்தக் குளமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபில்டருக்குள் போய் வர வேண்டும்.

கையை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவி விடுங்கள். அந்த லைனில் 30 மில்லியாம்ப் மின்கசிவுத் தடுப்பான் (மின்சாரம் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மீனுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

அல்லிக்கொடி

பெட்டியில் 3000 லிட்டர் என்று இருக்கிறது, ஒன்றரை மீட்டர் மேலே ஏறுகிறது. வாளி நிரம்ப சரியாக 60 வினாடி ஆனது. அப்படியென்றால் மணிக்கு 1200தானா?

பழையதொட்டி

ஆமாம், 1200தான். உங்கள் குளம் ஒரு சுற்று வர மூன்றரை மணி நேரம் ஆகிறது. உயரத்தால் மட்டும் இவ்வளவு குறையாது என்று நினைக்கிறேன். பம்ப்பின் முன்மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே இருக்கும் விசிறியை வெளியே இழுங்கள், காந்தத்தோடு சேர்ந்து வரும். அதில் என்ன சுற்றியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சத்தத்துக்கும் வழி இருக்கிறது. தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால்தான் சலசலப்பு. குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே இறக்கி, கிடைமட்டமாகத் திருப்பி விடுங்கள். மேற்பரப்பு அலை அலையாக ஆடினாலே காற்று கரையும். எனக்கு இரவில் ஏர் பம்ப்பின் முணுமுணுப்பு மட்டும்தான் கேட்கும்.

அல்லிக்கொடி

விசிறியில் நூல் பாசி சுற்றிச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகியிருந்தது, அதற்குள் ஒரு சின்ன நத்தை ஓடு. பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்தேன். திரும்ப மாட்டியதும் வாளி 36 வினாடியில் நிரம்பியது! மணிக்கு 2000. குழாயையும் இறக்கிவிட்டேன், சத்தம் பாதிகூட இல்லை.

நீரோட்டம்

அருமை. இனி ஸ்பாஞ்சைக் கழுவும்போது குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு, அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். ஒரு மாதம் ஸ்பாஞ்ச், அடுத்த மாதம் பயோபால் என்று மாற்றி மாற்றி.

இன்னொரு விஷயம் மனதில் உறுத்துகிறது. பிஎச் ஒரே நாளில் 7.4க்கும் 8.4க்கும் ஊசலாடுவது சரியில்லை, பிஎச்சை ஆடாமல் பிடித்து வைக்கும் கார்பனேட் கடினத்தன்மை குறைவாக இருக்கிறது போலும். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் அதைச் செலவழிக்கும். அளந்து பாருங்கள். கடினத்தன்மை 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் (இது வெப்ப டிகிரி இல்லை) சமையல் சோடா போட வேண்டும். ஒரு டிகிரி ஏற்ற 1000 லிட்டருக்கு 30 கிராம். ஆனால் இன்று வேண்டாம். சோடா போட்டால் காலை பிஎச் ஏறும், அமோனியா இருக்கும்போது பிஎச்சை ஏற்றுவது ஆபத்து. அமோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகு, பல நாளாகப் பிரித்துப் போடுங்கள்.

அல்லிக்கொடி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எட்டாவது நாள் அமோனியா 1க்கு இறங்கியது, அப்போது நைட்ரைட் 1க்கு ஏறிப் பயமுறுத்தியது, உப்பு இருந்ததால் மீன்கள் தாங்கிக்கொண்டன. நாலாவது வாரம் இரண்டும் பூஜ்யம். கடினத்தன்மை 3 டிகிரிதான் இருந்தது. ஒரு வாரமாகத் தினமும் 50 கிராம் சோடா கரைத்து ஊற்றி இப்போது கிட்டத்தட்ட 6. பிஎச் காலையில் 8.0, சாயங்காலம் 8.2. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு மட்டும். அதற்குப் பிறகு ஒரு மீன்கூடச் சாகவில்லை. யூவியை இரண்டு நாள் முன்னால்தான் மறுபடி போட்டேன், தண்ணீர் இன்னும் லேசாகப் பச்சையாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேலே ஒன்றுகூட இல்லை. ஏழும் அல்லி இலைக்கு அடியில், தரையை ஒட்டி, செவுளை மெதுவாக அசைத்துக்கொண்டு நின்றன.

செவுள்

மிகவும் சந்தோஷம். யூவி குழலின் மேல் இன்றைய தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு வருடம், சுமார் 9000 மணி நேரம் ஓடிய பிறகு விளக்கு எரிவது தெரியும், பாசியைக் கொல்லும் சக்தி இருக்காது.

கோய் இன்னும் வளரும், அரை மீட்டருக்கு மேல்கூடப் போகும். ஏழுக்கு 4200 லிட்டர் அப்போது நெருக்கடிதான். புது மீன் எதுவும் சேர்க்காதீர்கள்.

அல்லிக்கொடி

எழுதி ஒட்டிவிட்டேன். சேர்க்க மாட்டேன்.