வட ஆர்க்காட்டுப் பழைய நம்பர் பிளேட்டுகள்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

வாலாஜா வாசி:

பழைய நம்பர் பிளேட்டுகளைச் சேர்த்து வருகிறேன். ஊர் உலகத்துப் பிளேட்டுகள் எல்லாம் வேண்டாம், நம் மாநிலம் மட்டும் போதும், அதிலும் நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு முதலிடம் என்று வைத்திருக்கிறேன். டிஎன் 23 என்று தொடங்கும் புதிய முறை வேலூர் எண் எதுவும் என் சுவரில் ஏறாது. சென்னை ராஜ்ய காலத்தில் எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கிய மூன்றெழுத்துப் பதிவுகளும், 1969-இல் மாநிலம் தமிழ்நாடு ஆன பிறகு டி-யில் தொடங்கியவையும்தான் கணக்கு. பெரும்பாலும் ஆர்க்காடு, ராணிப்பேட்டைக் காயலான் கடைகளில் எடைக்குப் போட்ட தகரத்திலிருந்து பொறுக்கியவை.

இப்போது பெரியப்பாவின் லாரிப் பட்டறையை இடிக்கிறார்கள். பரணில் ஒரு சாக்கு மூட்டை நிறையப் பிளேட்டுகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றின் பின்புறம் "சித்தூர் பார்ட்டி" என்றும் ஒன்றில் "திருத்தணி" என்றும் பெரியப்பாவே பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார். இவற்றை எங்கே சேர்ப்பது? துருவும் ஏறியிருக்கிறது. பட்டறைப் பையன், "கொடுங்கள் சார், தேய்த்துப் புதிதாக எழுதிவிடலாம்" என்கிறான். வண்டியும் இல்லை, ஆர்.சி. புத்தகமும் இல்லை, வெறும் பிளேட்டை வைத்திருந்தால் வம்பு வருமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

தோட்டப்பாளையம் பெயின்டர்:

தம்பி, எல்லையையும் சட்டத்தையும் மற்றவர்கள் சொல்வார்கள். அந்தப் பையன் கையில் உப்புத்தாள் இருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அமெரிக்காவில் பிளேட்டை மாநில அரசே அடித்துக் கொடுக்கும். பல மாநிலங்களில் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் புதுப் பிளேட், புது நிறம். அதனால் அங்கே ஒரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒன்றாக வரிசை கட்ட முடிகிறது. நம் ஊரில் அரசு கொடுத்தது எண்ணை மட்டும்தான். தகரம் வெட்டுவதும் எழுதுவதும் மாட்டுவதும் வண்டிக்காரர் பாடு, அதாவது எங்களைப் போன்றவர்கள் பாடு. ஒரே தெருவில், ஒரே வாரத்தில் எழுதிய இரண்டு பிளேட்டுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. அதை அழித்து எழுதிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது எண் மட்டும்தான். எண்ணைக் காகிதத்திலேயே எழுதிக்கொள்ளலாமே!

நாங்கள் ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்ததும் கறுப்பு எனாமல் இரண்டு கோட் அடிப்போம். நூலில் சுண்ணாம்புத் தூள் தடவிச் சுண்டினால் மேலும் கீழும் கோடு விழும். அதற்குள் வெள்ளையில் எழுத்து. சொந்த வண்டி என்றால் கறுப்பில் வெள்ளைதான். வெள்ளையில் கறுப்பு என்று தலைகீழானது 2000-களின் தொடக்கத்தில். ஏழுக்கு நடுவில் கோடு இழுத்தவர் யார், ஒன்றுக்குப் பாதம் வைத்தவர் யார், நான்கின் தலையை மூடியவர் யார் என்று பார்த்தே எந்தக் கடை வேலை என்று சொல்லிவிடுவோம். ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் வந்தது, எல்லாக் கையும் ஒரே கையாகிவிட்டது.

போல்ட் ஓட்டையின் ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே பெயின்ட் அடுக்கடுக்காகத் தெரிந்தால் வண்டி கைமாறும்போது மேலே எழுதியிருக்கிறார்கள். பின்பக்கத்தையும் பாருங்கள், எண்ணெய் டின்னையும் விளம்பரத் தகரத்தையும் வெட்டிப் போட்டது உண்டு. புல்லட், ஜாவாவின் முன் மட்கார்டில் நீளவாட்டில் நின்ற பிளேட் இருந்தால் அதன் வளைவைத் தட்டி நிமிர்த்த வேண்டாம். அந்த வளைவு சொல்லும், அது எந்த மட்கார்டில் உட்கார்ந்திருந்தது என்று.

லேசான சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, உடனே துடைத்து நிழலில் உலர்த்தல், பின்பக்கம் மெல்லிய மெழுகு. அவ்வளவே. தின்னர் வேண்டாம். பழைய எனாமலில் ஈயம் உண்டு, தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சில்தான் போகும்.

பாலாற்றங்கரை:

உங்கள் சேகரிப்பின் தலைப்பு மாவட்டமா மாநிலமா என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு சித்தூர் தானாகவே தன் இடத்துக்குப் போய்விடும். வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர் பிரிந்தது 1911-இல். மூன்றெழுத்துப் பதிவோ 1939 மோட்டார் வாகனச் சட்டத்தோடு வந்தது. ஆகவே மாவட்டக் கணக்கில் சித்தூர் கிடையாது. மாநிலக் கணக்கில் உண்டு. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரியும் வரை அதுவும் சென்னை ராஜ்யம்தான். திருத்தணி 1911-இல் சித்தூரோடு போய், 1960-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த ஊர். மாநிலம் என்று பிடிவாதமாக நின்றால், மலபாரும் சென்னை ராஜ்யத்தில் இருந்த 1956 வரை கோழிக்கோட்டு லாரிக்கும் உங்கள் சுவரில் உரிமை உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசியைத் தயங்காமல் சேருங்கள். டிஎன் என்று தொடங்கும் எண்களுக்கு வழிவிட்ட புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989 ஜூலை 1. திருவண்ணாமலை தனி மாவட்டமானது அதே ஆண்டு செப்டம்பர் 30. நீங்கள் கோடு போட்ட நாளில் மாவட்டம் முழுதாகவே இருந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததால் உங்களுக்கு ஒரு தகரம்கூட நட்டமில்லை.

குடியாத்தம் ஆர்.சி.:

பிளேட்டைச் சுவரில் மாட்டலாம், வேறு வண்டியில் மாட்டினால்தான் குற்றம். உடைத்த வண்டியின் பதிவை ரத்து செய்யச் சொல்லி உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. அதனால் ஏட்டில் உயிரோடு இருக்கும் எண்கள் உங்கள் மூட்டையில் இருக்கலாம். முழு எண் தெரியும்படி படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். யார் கொடுத்தது, எந்த வண்டி என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்று: வண்டியே எங்காவது நின்றுகொண்டிருந்தால் பிளேட்டைக் கழற்றிவிடாதீர்கள். 2021 விதிகளின்படி 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழமை வாகனமாகப் பதியலாம், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

வாலாஜா வாசி:

மூவருக்கும் நன்றி. மாவட்டத்துக்கு ஒரு சுவர், மாநிலத்துக்கு ஒரு சுவர். சித்தூர் பார்ட்டி இரண்டாவது சுவருக்குப் போகிறார். பெயின்டர் ஐயா, மூட்டையில் நான்கு பிளேட்டுகளில் ஏழுக்கு நடுக்கோடு இருக்கிறது, ஒன்றுக்குப் பாதமும் இருக்கிறது. ஒரே கைதானா?

தோட்டப்பாளையம் பெயின்டர்:

ஏழை நம்பாதீர்கள், அதை எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினோம். எட்டு இருக்கிறதா? இரண்டு வட்டமாகப் போட்டதா, ஒரே இழுப்பில் சுழித்ததா என்று பார்த்து, அந்த எழுத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். சுழித்தது என்றால் அது ஆர்க்காட்டில் பஸ்களுக்கு எழுதிய ஒருவர் கை, எனக்குத் தெரியும்.