பட்டைச் சுருளா, சுருணையா?

அன்பு நண்பர்களுக்கு,

காந்தாரத்துப் (இன்றைய வடமேற்குப் பாகிஸ்தான், கிழக்கு ஆப்கானிஸ்தான் பகுதி) பௌத்தச் சுவடிகள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். 1994-இல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்துசேர்ந்தவை. கி.பி. 1-ஆம் நூற்றாண்டு, கரோஷ்டி எழுத்து, காந்தாரி மொழி. பூர்ச்ச மரத்தின் (birch) பட்டையில் எழுதியவை என்பதால் 'பூர்ச்சப்பட்டைச் சுவடி' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

---

எனக்கு ஒப்பவில்லை ஐயா. சுவடி என்றதும் துளையிட்டுக் கயிற்றில் கோத்த ஏட்டுக்கட்டுதான் கண்ணில் வரும். இவையோ பட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தை நூலால் தைத்து, பாய் போலச் சுருட்டியவை. 1931-இல் காஷ்மீர் பகுதியின் வடக்கிலுள்ள கில்கித்தில் கிடைத்த பௌத்தச் சுவடிகளும் பெரும்பாலும் பூர்ச்சப்பட்டைதான், ஆனால் தனித்தனி ஏடுகள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் படிப்பவர் குழம்புவார்.

கில்கித்துக்குப் 'பட்டை ஏடு', காந்தாரத்துக்குப் 'பட்டைச் சுருணை' என்கிறேன். சுருணை நான் கட்டியதல்ல. சுருட்டி வைத்த ஓலை ஆவணத்துக்குப் பழைய பெயர். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஓலைப் பதிவுகளான மதிலகம் ஆவணங்களைச் சுருணை என்றே சொல்வார்கள்.

---

எங்கள் வீட்டில் சுருணை என்றால் சாணி மெழுகும் துணி! புத்தர் வாக்குக்கு அந்தப் பெயரா? 'பட்டைச் சுருள்' போதுமே தம்பி.

---

சிரித்துவிட்டேன் அம்மா. ஆனால் 'பட்டைச் சுருள்' என்றால் எனக்குப் பிரியாணிதான் மணக்கிறது. அந்த இடி என் 'பட்டைச் சுருணை'க்கும் விழும், ஒப்புக்கொள்கிறேன். 'பூர்ச்சச் சுருணை' என்று திருத்திக்கொள்ளலாம். வெறும் 'சுருள்' என்றால் கொசுவத்தியும் சுருள்தான்.

துணியைச் சொன்னீர்களே, அதுவும் பொருத்தம்தான். இவை மண்பானைக்குள் நசுங்கி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தவை. ஈரம் ஏற்றி, இடுக்கியால் மெல்ல மெல்லப் பிரித்து, கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்தார்கள். சிலவற்றில் வேறு கையெழுத்தில் 'எழுதியாயிற்று' என்ற பொருளில் குறிப்பு இருக்கிறது. படியெடுத்து முடிந்த பழம்பிரதிகளைப் பானையிலிட்டுப் புதைத்திருக்கலாம் என்பது இவற்றை ஆராய்ந்த அறிஞர் ரிச்சர்ட் சாலமனின் கருத்து. ஆக, உழைத்துத் தேய்ந்த சுருணை :)

---

அனைவருக்கும் நன்றி. 'பூர்ச்சச் சுருணை' என்றே எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'சுருட்டி வைத்த பூர்ச்சமரப்பட்டை நூல்' என்று ஒரு விளக்கம். சாணித் துணியை அடிக்குறிப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.