மாமனார் முட்டி, மகள் கேள்வி, சீக்கிரம் மறையுற வெளிச்சம்: இலையுதிர் கால நடைக்கு யோசனை வேணும்

சாரல்விழி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க படையில மூணு பேர்: நான், ஒன்பது வயசு மகள், எழுபதைத் தொடப்போற மாமனார். (வீட்டுக்காரர் சோபாவுக்கு நேர்ந்துவிடப்பட்டவர், அவரைக் கணக்கில சேர்க்கல.) வட்டாரப் பூங்காவுல இலை நிறம் மாறுற நேரத்துல நடக்கணும்னு போன வருஷம் கிளம்பினோம். பாதை சுத்தி வந்து சேர 7 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் இருக்கும்னு பலகையில போட்டிருந்தது. மத்தியானம் மூணு மணிக்குத் தொடங்கினோம். "அஞ்சு மணிக்கெல்லாம் கார்ல இருப்போம்மா"ன்னு மாமா சொன்னார்.

அஞ்சரைக்குக் காட்டுக்குள்ளதான் இருந்தோம். ஈர இலை மூடிக்கிடந்த வேர்ல கால் வச்சு நான் சறுக்கி உட்கார்ந்தேன். மாமாவுக்கு இறக்கத்துல முட்டி பிடிச்சுக்கிச்சு. போன்ல 11 சதவீதம் சார்ஜ். அந்த வெளிச்சத்துல ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தோம். மகளுக்கு அது பெரிய சாகசம். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

இந்த வருஷமும் போகணும்னு ரெண்டு பேரும் ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. பூங்கா அறிவிப்புப் பலகையில வழிகாட்டியோட நடை, செடி நடுற தன்னார்வலர் நாள்னு ஏதேதோ போட்டிருக்காங்க. முன்பின் தெரியாத கூட்டத்துல போய் ஒட்டிக்க ஒரு கூச்சம். போகலாமா? தனியாப் போனா நேரத்தை எப்படிக் கணக்குப் போடுறது? இன்னொண்ணு, மகள் இலை பொறுக்கி வரணும்னு பெரிய பை எடுத்து வச்சிருக்கா.

---

கால்நடையார் எழுதியது:

பெயரைப் பார்த்து மேய்க்கிறவன்னு நினைச்சுடாதீங்க, காலால நடக்கிறவன். பதினோரு வருஷமா ஒரு பூங்காவுல தன்னார்வலரா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன்.

முதல்ல கணக்கு. 1892-ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்னைக்கும் அது உதவுது. மெட்ரிக்ல தோராயமா, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்க பாதைக்குப் போட்டுப் பாருங்க. 7 கிலோமீட்டருக்கு 1 மணி 24 நிமிஷம், 300 மீட்டருக்கு அரை மணி, மொத்தம் 1 மணி 54 நிமிஷம். மாமா சொன்ன அஞ்சு மணி சரிதானேன்னு தோணும். ஆனா அது நல்லா நடக்கிற ஆள், எங்கேயும் நிக்காம போற கணக்கு. குழந்தையும் பெரியவரும் கூட இருந்தா நான் ஒன்றரை மடங்கு வச்சுக்குவேன். 2 மணி 51 நிமிஷம் வருது. மூணு மணிக்குக் கிளம்பினா 5.51. கிளம்பும்போதே இருட்டுக்குத் தேதி குறிச்சாச்சு!

வெயில் காலத்துல இந்தத் தப்பு தெரியாது, வெளிச்சம் மிச்சமிருக்கும். இந்தப் பருவத்துலதான் மாட்டுவோம். செப்டம்பர் 22, 23 வாக்குல பகலும் இரவும் ஏறத்தாழ சமமாகி, அதுக்கப்புறம் பூமியோட வட பாதியில, நிலநடுக்கோட்டை விட்டு நல்லா தள்ளியிருக்கிற குளிர் நாடுகள்ல, பகல் நாளுக்கு ரெண்டு மூணு நிமிஷம் சுருங்கும். கோடைக்கு முன்னால தள்ளின கடிகாரத்தை இந்தப் பருவத்துல ஒரு மணி நேரம் பின்னால தள்ளுற நாடா இருந்தா, அந்த வாரத்துல சூரியன் திடீர்னு ஒரு மணி நேரம் முன்னாடியே மறையுற மாதிரி ஆயிடும். மரங்களுக்குள்ள இருட்டு இன்னும் முந்திக்கும்.

அதனால நான் 'எப்போ வந்து சேருவோம்'னு கேக்கிறதை விட்டுட்டேன். 'எத்தனை மணிக்குத் திரும்புவோம்'னுதான் முடிவு பண்ணுவேன். அந்த நேரம் வந்தா உச்சி இன்னும் நூறு அடியில இருந்தாலும் திரும்பணும். பிடிவாதம் பிடிக்கிறவர் கையில கடிகாரத்தைக் கொடுத்துடுங்க, அவரே காவல்காரர் ஆயிடுவார்.

வழியில ஒரு கைக்கணக்கும் இருக்கு. கையை முழுசா நீட்டி, விரல்களைப் படுக்கையா வச்சு, சூரியனுக்குக் கீழே தொடுவானம் வரைக்கும் எத்தனை விரல் கொள்ளுதுன்னு பாருங்க. ஒரு விரலுக்குக் கால் மணி நேரம். நேராச் சூரியனை வெறிச்சுப் பார்க்காம ஓரமா அளக்கணும். எதிர்ல மலை இருந்தா அந்த மலை விளிம்புல இருந்து எண்ணணும். ஆளுக்கொரு ஹெட்லேம்ப் (தலையில மாட்டுற விளக்கு) அவசியம். குளிர்ல போன் பேட்டரி எப்படியும் சீக்கிரம் படுத்துடும்.

மாமாவுக்கு நடைக்கோல் ரெண்டு வாங்குங்க. இறக்கத்துல அதைக் கொஞ்சம் நீட்டி வச்சு, முன்னால ஊன்றி இறங்கினா முட்டிமேல விழுற பாரம் குறையும். மூடின இலைக்கு அடியில வேரா கல்லான்னும் குத்திப் பார்க்கலாம்.

கூச்சத்தைப் பத்திக் கேட்டீங்க. வழிகாட்டியோட நடையில யாரும் யாரையும் 'நீங்க யாரு'ன்னு கேக்க மாட்டாங்க, எல்லார் கண்ணும் தரையிலதான். நான் போன ஒரு நடையில ரெண்டு மணி நேரத்துல ஒன்றரை கிலோமீட்டர்தான் நகர்ந்தோம். ஓக் இலையில கோலிக்குண்டு மாதிரி ஒரு உருண்டை ஒட்டிக்கிட்டிருந்தது. காய்னு நினைச்சேன். ஒரு சின்னக் குளவி முட்டையிட, அதோட குஞ்சுக்கு மரமே கட்டிக்கொடுத்த வீடாம். அந்த உருண்டைகள்ல இருந்துதான் பல நூற்றாண்டா மை காய்ச்சினாங்களாம். எத்தனையோ தடவை அந்த மரத்தைத் தாண்டிப் போயிருக்கேன்! உங்க மாமா முட்டிக்கு இந்த வேகம்தான் சரி.

செடி நடுற நாளுக்கும் போங்க. இந்தப் பருவத்துல ஏன் நடுறாங்கன்னா, மேலே காத்து குளிர்ந்தாலும் மண்ணுல சூடு மிச்சமிருக்கும், மழையும் வரும். குளிர் இறுகுறதுக்குள்ள வேர் பிடிச்சுக்கும். முன்கூட்டியே பதிவு பண்ணணுமா, குழந்தைக்கு வயசு வரம்பு இருக்கா, கையுறை தருவாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க. மூடின ஷூ போட்டுப் போங்க.

---

ஒற்றைக்குயில் எழுதியது:

நான் எதிர்க்கட்சி. கூட்டமாப் போனா பேச்சுச் சத்தத்துக்குப் பறவை எல்லாம் பறந்துடும். வேலைநாள்ல விடியக்காலை போங்க, பாதை முழுக்க உங்களுக்குத்தான். காலையில கிளம்பினா விரலை வச்சு அளக்கவும் தேவையில்ல.

அப்புறம் ஒரு அற்ப விஷயம். நம்ம ஆறு பெரும்பொழுதுல 'இலையுதிர் காலம்'னு ஒண்ணு கிடையாது. குளிர்காத்து அடிக்கிற இந்த மாசங்களுக்குக் கூதிர்னு எவ்வளவு அழகான பேர் இருக்கு!

---

மருந்துச்சீட்டு எழுதியது:

ரெண்டு விஷயம் யாரும் சொல்லல. குளிர் வந்தா உண்ணி போயிடும்னு நினைக்காதீங்க. சில வகையில வளர்ந்த உண்ணிகள் இந்தப் பருவத்துலதான் சுறுசுறுப்பா இருக்கும், இலைக்குவியல் அதுக்குப் பிடிச்ச இடம். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள்ள சொருகுங்க. வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால, காதுக்குப் பின்னால, தலைமுடிக்குள்ள பாருங்க. ஒட்டியிருந்தா நுனி மெல்லிசான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும். எண்ணெய் ஊத்துறது, சூடு வைக்கிறது எல்லாம் வேண்டாம்.

இன்னொண்ணு காளான். மகள் பைக்குள்ள அது போகவே கூடாது. 'டெத் கேப்'னு ஒரு வகை, பார்க்கச் சாதுவா இருக்கும். வேகவச்சாலும் விஷம் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகியும் ஒண்ணும் தெரியாம இருக்கலாம், அதுக்குள்ள ஈரலைப் பதம் பார்க்க ஆரம்பிச்சிருக்கும்.

இலை பொறுக்கவும் பல பூங்காக்கள்ல அனுமதி இல்ல. ஒரு தாளும் மெழுகு வண்ணக்குச்சியும் கொடுத்து அனுப்புங்க. இலைமேல தாளை வச்சுத் தேய்ச்சா நரம்பெல்லாம் பதியும், இலை அங்கேயே கிடக்கட்டும்.

---

சாரல்விழி எழுதியது:

போயிட்டு வந்தாச்சு! ஒற்றைக்குயில் மன்னிக்கணும், கூட்டத்தோடதான் போனோம். பதினாலு பேர். கூச்சம் முதல் பத்து நிமிஷம்தான்.

மகள் முதல் மரத்துலயே கையைத் தூக்கிட்டா, இலை ஏன் சிவக்குதுன்னு. வழிகாட்டி அம்மா சொன்னாங்க: பச்சையம் சிதைஞ்சு போனதும் அடியில ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரியுது. ஆனா சிவப்பு அப்படியில்ல, அதை இலை கடைசி நாட்கள்ல புதுசா உண்டாக்குது. பகல்ல நல்ல வெயில், ராத்திரி உறையாத குளிர்னு அமைஞ்சா சிவப்பு தூக்கலா வருமாம். மாமா தலையைத் தடவிக்கிட்டே, "அப்போ என் தலையில இருக்கிற வெள்ளை ஏற்கெனவே இருந்ததா, புதுசா உண்டாக்கினதா?"ன்னு கேட்டார். அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

நடை முடிஞ்சு நாங்க மூணு பேரும் மட்டும் மேல கொஞ்ச தூரம் போனோம். கால்நடையார் அண்ணா சொன்ன மாதிரி கடிகாரம் மாமா கையில. திரும்புற நேரம் 3.20னு பேசி வச்சிருந்தோம். சரியா 3.20க்கு ஒரு வளைவுல நின்னுட்டார். அந்தப் பக்கம் தண்ணி விழுற சத்தம் கேக்குது. மகள் கெஞ்சினா, நானும் கெஞ்சினேன். மனுஷன் அசையல.

தாள்ல பதிஞ்ச இலை ஒன்பது. இப்போ எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. அடுத்த மாசம் செடி நடுற நாளுக்கு நாலு பேர் பெயர் கொடுத்திருக்கோம். ஆமா, சோபா காலியாகுது.